ரேணிகுண்டாவில் நான் மாற்றிச் சொன்ன வாக்கியம்

போன வாரம் ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தாங்க. ஒரு வக்கீல் பொண்ணு, கூட அதோட சீனியர். பொண்ணு கையில ஒரு கடிதம். டில்லியில பெரிய பதவியில இருக்கற ஒருத்தர் அடுத்த மாசம் இறங்கப் போறாராம். இறங்கறதுக்கு முன்னால, விசாரணையே நடக்காம வருஷக்கணக்குல ஜெயில்ல கிடக்கறவங்களுக்கு ஏதாவது செஞ்சிட்டுப் போங்கன்னு கேட்டு எழுதியிருக்காங்க. ரிட்டயர் ஆன கோர்ட்டு ஆளுங்களும் கையெழுத்துப் போட்டா நல்லா இருக்கும்னு என்னைத் தேடி வந்திருக்குது.

சீனியர் காபியக் குடிச்சிக்கினே, எனக்கு இதுல நம்பிக்கை இல்ல சார், போற ஆளுகிட்ட கேட்டு என்ன ஆவப்போவுதுன்னாரு. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிச்சு கோவம். வந்த மனுஷன்கிட்ட எரிஞ்சு விழக் கூடாதுன்னு அடக்கிக்கினேன். ஆனா இந்தக் கேள்விய இதே மாதிரி அலட்சியமா ஒருத்தர் ரேணிகுண்டா ஸ்டேஷன்ல கேட்டதை நான் என் காதால கேட்டிருக்கேன். அதுக்கு ஒரு அம்மா சொன்ன பதிலையும் கேட்டிருக்கேன். அந்தப் பதிலைக் கெடுத்தவன் நான்தான். அதை எழுதி வெச்சிடணும்னு தோணிச்சு.

நான் புத்தூர் பக்கத்து ஆளு. வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல தெலுங்கு, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல இங்கிலீஷ். ஆந்திர ராஜ்யம் பிரிஞ்ச புதுசுல சித்தூர்ல ஒரு கோர்ட்டுல கிளார்க்கா சேர்ந்தேன். எந்தக் கோர்ட்டுன்னு சொல்ல மாட்டேன். மொத ரெண்டு வருஷம் கேஸ் கட்டுகளுக்கு நம்பர் போடறதும், அலமாரியத் தூசி தட்டறதும், சிரஸ்தார் குடுக்கறதைக் காப்பி எழுதறதுமே வேலை. அதைப் பத்திப் பெரிசா சொல்ல ஒண்ணுமில்ல.

சிரஸ்தாரைப் பத்தித்தான் சொல்லணும். ஆபீசுக்கு அவருதான் தலை. மாஜிஸ்ட்ரேட்டுங்க வருவாங்க, மாத்தலாகிப் போவாங்க, சிரஸ்தார் அதே நாற்காலியில இருப்பாரு. ஒல்லியான மனுஷன், குரலை உசத்தி நான் கேட்டதே இல்ல. யாராவது ஏதாவது கேட்டா மொதல்ல கண்ணாடியைக் கழட்டுவாரு. அங்கவஸ்திர நுனியில இடது கண்ணாடி, அப்புறம் வலது கண்ணாடின்னு நிதானமாத் துடைப்பாரு. மாட்டிக்கினு, "அப்படி ரூல் லேதய்யா"ன்னுவாரு, இல்லய்யான்னு தெலுங்குல. துடைக்க ஆரம்பிச்சாலே பதில் என்னான்னு எங்களுக்குத் தெரிஞ்சிடும். அவரு கெட்டவரு இல்ல. லஞ்சம் தொட மாட்டாரு, யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொல்ல மாட்டாரு. அவரு கையெழுத்துப் போட்ட காகிதம் மட்டும் எந்தக் காலத்துலயும் தப்பாவே இருக்கக் கூடாது. அதுக்காக என்ன வேணா செய்வாரு.

அப்பல்லாம் எல்லைத் தகராறு ஓடிக்கினு இருந்த நேரம். எந்த ஊரு ஆந்திராவுக்கு, எந்த ஊரு மதராஸுக்குன்னு நகரி, புத்தூர், திருத்தணி பக்கமெல்லாம் ஊர்வலம், மறியல். நகரிக்குக் கிட்ட ஒரு ஊர்வலத்துல கல்லு பறந்து ஒரு பஸ்ஸுக்குக் கண்ணாடி உடைஞ்சிடுச்சு. போலீஸ் கையில அகப்பட்டவங்களை எல்லாம் அள்ளிக்கினு வந்தாங்க. அதுல ஒருத்தன் ஏழுமலை. கைத்தறி நெசவு. நூல் வாங்கிக்கினு வீட்டுக்குப் போறவன் கூட்டத்துல சிக்கிட்டான்.

மத்தவங்க எல்லாரும் கோர்ட்டுல ஒத்துக்கினு அபராதம் கட்டிட்டு அன்னிக்கே போயிட்டாங்க. ஏழுமலை ஒத்துக்க மாட்டேன்னுட்டான். மாஜிஸ்ட்ரேட்டே ரெண்டு தடவ கேட்டாரு. கல்லு எறியாத கையால எறிஞ்சேன்னு எப்படி சாமி சொல்றதுன்னு திருப்பிக் கேட்டான். அவன் சொன்னதைத் தமிழ்லயே எழுதிக்கினோம், அந்தக் காலத்து வழக்கம் அது. ஒத்துக்காதவனுக்கு விசாரணை நடக்கணும். ஜாமீனுக்கு நிலம் இருக்கற ஆளு வேணும், அவனுக்கு யாரும் கிடைக்கல. சரி, சப் ஜெயில்ல இருக்கட்டும், ரெண்டு வாய்தாவுல முடிஞ்சிடும்னு நெனச்சோம். தண்டனையே கிடைச்சாலும் மூணு மாசத்துக்கு மேல போவாத கேசு.

அதுக்குள்ள எல்லை முடிவாயிடுச்சு. திருத்தணி பக்கமும் வேற சில கிராமங்களும் மதராஸுக்கு, மிச்சம் ஆந்திராவுக்கு. போற கிராமங்களோட கேஸ் கட்டுகளைப் பிரிச்சு அந்தப் பக்கத்துக் கோர்ட்டுக்கு அனுப்பணும்னு உத்தரவு. வேலை என் தலையில விழுந்தது. மூணே நாள்தான். அந்தப் பக்கம் போறதுக்கு வெள்ளை நாடா, இங்க நிக்கறதுக்கு செவப்பு நாடா. வெள்ளை நாடா கட்டினது ஒவ்வொண்ணையும் லிஸ்டுல வரிசை நம்பர் போட்டு எழுதணும். லிஸ்டு மூணு காப்பி. அடியில எங்க சிரஸ்தார் கையெழுத்து, அந்தப் பக்கத்து ஆபீஸர் கையெழுத்து.

கையில இருந்த கிராமப் பட்டியல்ல பெரிய ஊரு பேரு மட்டும்தான் இருந்தது. குப்பம், கொட்டாய், காலனின்னு உள்ளூர்ப் பேரு எதுவும் இல்ல. ஒவ்வொண்ணா விசாரிச்சிருக்கணும். மூணு நாள்ல யாரு விசாரிக்கிறது? நானே ஒரு குறுக்கு வழி கண்டுபுடிச்சேன். பேரு பட்டியல்ல இல்லன்னா கட்டைப் பிரிச்சு வாக்குமூலத்தைப் பாப்பேன். தெலுங்குல இருந்தா செவப்பு, தமிழ்ல இருந்தா வெள்ளை. எவ்வளவு கெட்டிக்காரத்தனம்னு எனக்கே என் மேல பெருமை. நகரி பக்கம் முழுக்கத் தமிழ் பேசறவங்கதானே, அவங்க ஆந்திராவுலதானே நிக்கறாங்க, ஏன், நானே புத்தூர்த் தமிழன், நான் எந்தப் பக்கம் இருக்கேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும். யோசிக்கல. பட்டியல்ல பேரு இல்லாத ஏழுமலை ஊரு ஆந்திராவுல நின்னுது. ஏழுமலை கட்டு வெள்ளை நாடாவோட மதராஸ் பக்கம் போச்சு.

அங்கேருந்து ஆரம்பிச்சது அநியாயம். பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவ ஜெயில்லேருந்து அவனைக் கூட்டிக்கினு வருவாங்க. கூடவே ரிமாண்டு காகிதம் வரும். கட்டு இல்லாததால விசாரணை நடத்த முடியாது. சிரஸ்தார் அடுத்த தேதியைப் போடுவாரு, மாஜிஸ்ட்ரேட் சுருக்கமா கையெழுத்துப் போடுவாரு, ஏழுமலை திரும்பிப் போவான். எல்லாம் ரெண்டு நிமிஷ வேலை. காணாமப்போன கட்டைத் தேடறோம்னு ஒரு ஃபைல் திறந்தோம், அது மட்டும் நல்லா கொழுத்துச்சு. ஆறு மாசம் கழிச்சு அந்தப் பக்கத்துக் கோர்ட்டுலேருந்து பதில் வந்தது. கட்டு பத்திரமா இருக்கு, அக்யூஸ்டு ஆஜராகாததால கேசு நிலுவையில இருக்கு, லிஸ்டுல இன்ன நம்பர்னு எழுதியிருந்தாங்க. அங்க கட்டு ஆளுக்காகக் காத்துக்கினு இருக்கு, இங்க ஆளு கட்டுக்காகக் காத்துக்கினு இருக்கான். அந்த நம்பரைப் போட்டது என் கை.

 சிரஸ்தார்கிட்டப் போயி, தப்பு என்னோடதுங்க, லிஸ்டைத் திருத்தி எழுதிக் கட்டைத் திருப்பிக் கேக்கலாம்னேன். அவரு கண்ணாடியைக் கழட்டினாரு. இடது, வலது. அப்புறம் ரொம்ப மெதுவா, "ஏமய்யா, ரெண்டு கவர்மெண்டும் கையெழுத்துப் போட்ட லிஸ்டு அது. அதுல தப்பு உண்டுன்னு எழுதறதுக்கு நீ யாரு, நான் யாரு?"ன்னாரு. எனக்கு வேலை அப்பத்தான் நிரந்தரமாகி இருந்தது, கல்யாணமும் ஆயிருந்தது. வாயை மூடிக்கினேன். ஒரு நாளா ரெண்டு நாளா? ஒரு வருஷத்துக்கு மேல. இதை எழுதற இந்த நிமிஷம் கூட எனக்கு ஆத்திரம் அடங்கல. சிரஸ்தார் மேல பாதி, என் மேல பாதி.

ஏழுமலை பொண்டாட்டி கங்கம்மா, வாய்தா தவறாம வரும். பஸ்ஸுல வந்து வேப்பமரத்துக்குக் கீழ நிக்கும். ஜெயிலுக்குள்ள அவனுக்கு முட்டி ரெண்டும் வீங்கிப் போச்சு, அவன் நடக்கறதைப் பாத்தாலே தெரியும். அவன் உக்காந்தா எழுந்திருக்க முடியல, உள்ளயே செத்துடுவான் போலக்குது, இந்த வாய்தாவுலயாவது உடுவாங்களான்னு என்னைத்தான் கேக்கும். என்னைக் கண்டா அதுக்கு நம்பிக்கை, ஏன்னா நான் தமிழ்ல பதில் சொல்லுவேன். அடுத்த வாய்தாம்மான்னு சொல்லிட்டு உள்ள போயிடுவேன். வக்கீல் ஒருத்தரை நானே போயிப் பாத்தேன். ஹைகோர்ட்டுக்குப் போகலாம், கேசு நகல் வேணும்னாரு. கட்டு இல்லாம நகல் எங்கேருந்து குடுக்கறது?

அந்த நேரத்துலதான், டில்லியில பெரிய பதவியில இருந்த ஒரு பெரியவர் திருமலைக்கு சாமி கும்பிட வர்றாருன்னு சேதி. அவரும் இன்னும் சில வாரத்துல பதவிய விட்டு இறங்கறவரு. பேரு வேணாம். ரேணிகுண்டா வரைக்கும் ரயில்ல வந்து, அங்கேருந்து கார்ல மேல போறாரு. அப்படிப் பெரியவங்க வந்தா ஸ்டேஷன்ல மனு வாங்கறதுக்கு ஒரு மேஜை போடுவாங்க. ஜனங்க யாரும் அவங்க கையில நேரா நீட்டக் கூடாது, மேஜையில குடுக்கணும், கிளார்க் நம்பர் போட்டு வாங்கி வெச்சிப்பான். மூணு மொழியும் தெரிஞ்ச ஆளு வேணும்னு என்னை அந்த மேஜைக்கு அனுப்பினாங்க.

கங்கம்மாவை வரச் சொன்னேன். மனுவை நானே எழுதினேன். சர்க்கார் உத்தியோகஸ்தன் எழுதக் கூடாது, தெரிஞ்சா வேலை போயிடும். எங்க ஆபீஸ் மெஷின்ல ஒரு எழுத்து பாதி தேஞ்சிருக்கும், பாத்தா கண்டுபுடிச்சிடுவாங்கன்னு பஜார்ல ஒரு இன்ஸ்டிட்யூட்டுல டைப் அடிச்சேன். இவ்வளவு ஜாக்கிரதையா எழுதின மனுவுல, கட்டு எப்படி அந்தப் பக்கம் போச்சுங்கற ஒரு வரியை மட்டும் எழுதாம விட்டேன். பயம். வேற என்ன?

ரயில் வந்தது. மாலை, மேளம் எல்லாம் முடிஞ்சு பெரியவர் மெதுவா நடந்து வந்தாரு. மேஜை கிட்ட வந்ததும், யாரும் எதிர்பாக்கல, நின்னுட்டாரு. மொத ஆளா நின்ன கங்கம்மாவைப் பாத்து, என்ன விஷயம்னு இங்கிலீஷ்ல கேட்டாரு. நான் எழுந்து நின்னு மனுவுல இருந்ததைச் சொன்னேன். பக்கத்துல நின்ன செக்ரெட்டரி கைக்கடிகாரத்தைப் பாத்துக்கினே, ஐயா இறங்கப் போறாரு, இந்த நேரத்துல இவருகிட்டக் கேட்டு என்ன ஆகப் போவுது, அடுத்து வர்றவருக்கு எழுதச் சொல்லுன்னாரு. அதை நான் கங்கம்மாவுக்குத் தமிழ்ல சொன்னேன்.

கங்கம்மா என்னைப் பாக்கல. நேரா பெரியவர் முகத்தைப் பாத்துச்சு.

"போறவருன்னுதான் சாமி கேக்கறேன். இருக்கறவங்க அல்லாரும் அடுத்த வாய்தா, அடுத்த வாய்தான்னு சொல்லிக்கினே கீறாங்க. ஊட்டைக் காலி பண்ணிக்கினு போறவங்க அடுப்பை அணைச்சிட்டுத்தானே போவணும்? எரிய உட்டுட்டுப் போனா, உள்ள இருக்கறவன் வெந்து பூடுவானே."

பெரியவர் என் பக்கம் திரும்பினாரு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? கோர்ட்டுல வருஷக்கணக்கா ஜனங்க சொல்றதைச் சீவிச் செதுக்கி எழுதியே பழகின நாக்கு. "தங்களுடைய கருணையை இந்தப் பெண் பணிவோடு வேண்டிக்கொள்கிறாள், ஐயா"ன்னு இங்கிலீஷ்ல சொல்லி வெச்சேன். அவருக்கு ஏதோ இடிச்சிருக்கும் போல. அவ்வளவு நேரம் பேசினாங்களே, அவ்வளவுதான் சொன்னாங்களான்னு கேட்டாரு.

"அவ்வளவுதான் ஐயா"ன்னேன்.

தலையை ஆட்டினாரு. மனுவை வாங்கி செக்ரெட்டரி கையில குடுத்தாரு, கார் பக்கம் போயிட்டாரு. கங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா கணக்கு தெரியும். "நான் அம்மாம் பேசினேன், நீ இத்தினியூண்டுல முடிச்சிட்டியே நைனா"ன்னுச்சு. நான் அடுத்த மனுவுக்கு நம்பர் போட்டுக்கினு இருந்தேன்.

அப்புறம் ஒண்ணும் நடக்கல. பெரியவர் பதவி இறங்கினாரு, பேப்பர்ல போட்டோ போட்டாங்க. இங்க வாய்தா மேல வாய்தா. நாலு மாசம் கழிச்சு ஒரு நாள் சிரஸ்தார் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினாரு. பஜார்ல நான் டைப் அடிச்ச அதே மனு. டில்லி முத்திரை, ஹைதராபாத் முத்திரை, கலெக்டர் ஆபீஸ் முத்திரை, ஒவ்வொருத்தரும் ஓரத்துல "அறிக்கைக்காக" "அறிக்கைக்காக"ன்னு எழுதிக் கீழ கீழ தள்ளி, எங்கேருந்து கிளம்பிச்சோ அங்கயே வந்து நிக்குது. ஊரைச் சுத்தி வந்த பொணம் மாதிரி இருந்தது எனக்கு. சிரஸ்தார் கண்ணாடியைத் துடைச்சிக்கினே, மனுவுல சொன்ன நபர் சம்பந்தமா இந்த ஆபீஸுல ஆவணம் எதுவும் இல்லன்னு ரெண்டு வரி பதில் எழுதுன்னாரு. ஏங்க, ஆளு ஜெயில்ல இருக்கானேன்னேன். ஆவணம் இருக்கான்னுதான் கேட்டிருக்காங்க, ஆளு இருக்கானான்னு கேக்கலன்னாரு. கிண்டலாச் சொல்லல. உண்மையா நம்பித்தான் சொன்னாரு. அதுதான் என்னை எரிச்சிடுச்சு.

மேஜையில வந்து உக்காந்தேன். கங்கம்மா ஸ்டேஷன்ல சொன்னது காதுல கேட்டுக்கினே இருந்தது. ரெண்டு வரிக்குப் பதிலா ஒரு பக்கம் எழுதினேன். கட்டு எங்க இருக்கு, லிஸ்டுல என்ன நம்பர், பேரு தெரியாத ஊருக்கெல்லாம் வாக்குமூலத்தோட மொழியைப் பாத்து நாடா கட்டினது நான், என் தப்பு, ஒரு வருஷத்துக்கு மேல தெரிஞ்சும் எழுத்துல சொல்லாம இருந்ததும் என் தப்பு. கையெழுத்துப் போட்டேன். சிரஸ்தார்கிட்டக் குடுத்தா அது அலமாரிக்குப் போயிடும். அப்ப நான் பெஞ்ச் கிளார்க், மாஜிஸ்ட்ரேட்டுக்குக் கீழ உக்காந்து கேசு பேரு கூப்புடற வேலை. அடுத்த வாய்தாவுல ஏழுமலை பேரைக் கூப்பிட்டேன். ரிமாண்டு காகிதத்தை மேல குடுக்கும்போது அதுக்கு அடியில இந்தப் பக்கத்தையும் வெச்சுக் குடுத்தேன்.

மாஜிஸ்ட்ரேட் புதுசா வந்தவரு, சின்ன வயசு. படிச்சாரு. திரும்ப ஒரு தடவ படிச்சாரு. சிரஸ்தாரைக் கூப்பிட்டு, இது நிஜமான்னு கேட்டாரு. சிரஸ்தார் கண்ணாடியைக் கழட்டினாரு, துடைச்சாரு, மாட்டினாரு. எத்தினி நாளா நீ உள்ள இருக்கறன்னு மாஜிஸ்ட்ரேட் ஏழுமலையைக் கேட்டாரு. நாளு தெரியல சாமி, ரெண்டு பொங்கல் போயிடுச்சுன்னான். அன்னிக்கே சொந்தப் பொறுப்புல அவனை விட்டுட்டாரு. கட்டு பதினோரு நாள்ல வந்து சேந்தது. பதினோரு நாள். உள்ள மொத்தம் நாலு தாள். அவன் கல்லெறிஞ்சதைப் பாத்தேன்னு ஒரு சாட்சி கூட இல்ல. கேசு தள்ளுபடி.

எனக்கு மெமோ வந்தது, மதனப்பள்ளிக்குத் தூக்கிப் போட்டாங்க, புரமோஷன் ரொம்ப நாள் நின்னுது. செஞ்ச தப்புக்கு அது சரிதான், அதுல எனக்கு வருத்தமில்ல. டில்லிக்கு அப்புறமாப் போன பதிலை ஒரு சிநேகிதன் காட்டினான். மேலான தலையீட்டின் பேரில் மனுதாரருக்கு உரிய நிவாரணம் உடனடியாக வழங்கப்பட்டது, சிரஸ்தார் கையெழுத்து. உடனடியாகவாம். அந்த வார்த்தையைப் படிச்சப்ப காகிதத்தைக் கிழிச்சுப் போட்டிருப்பேன், சிநேகிதன் கையைப் புடிச்சுக்கினான்.

கேசு தள்ளுபடி ஆன அன்னிக்கு ஏழுமலை வராந்தாவுல செவுத்தைப் புடிச்சுக்கினு நின்னான். முட்டியை மடக்க முடியல. இனிமே தறிக் குழியில எப்படி எறங்கறதுன்னு தெரியலன்னான். அப்புறம் என்னைப் பாத்துக் கேட்டான்.

"தமிழ்ல பேசினதுக்கா சார் அந்தப் பக்கம் அனுப்பினீங்க? நீங்களும் தமிழ்தானே."

கோவமாக் கேக்கல. தெரிஞ்சிக்கத்தான் கேட்டான். ஆமாம்னு சொன்னேன். மன்னிச்சிடுன்னு சொல்ல வாய் வரல. கங்கம்மா அவன் கையைத் தோள் மேல போட்டுக்கினு பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டிக்கினு போயிடுச்சு. அவங்க ரெண்டு பேரையும் அதுக்கப்புறம் நான் பாக்கல.

பெரியவரைப் பத்தி எனக்கு நிச்சயமா ஒண்ணும் சொல்ல முடியாது. அடுப்புன்னு நான் சொல்லியிருந்தா அங்கயே நின்னு ஏதாவது உத்தரவு போட்டிருப்பாரோ, இல்ல அப்பவும் தலையை ஆட்டிட்டுத்தான் போயிருப்பாரோ. அவரு ரெண்டாவது தடவ கேட்டாரே, அதான் என்னைத் தூங்க விடாத விஷயம். கேட்டவருக்குக் கேக்கற உரிமை இருந்தது, சொன்னவளுக்குச் சொல்ற துணிச்சல் இருந்தது, நடுவுல நின்ன நான் நாலு மாசத்தைத் தின்னுட்டேன்.

வக்கீல் பொண்ணு கொண்டாந்த கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கினு முழுசாப் படிச்சேன். நல்ல தமிழ், நல்ல சட்டம். கடைசி வரியில, தங்களது மேலான கருணையைப் பணிவோடு வேண்டிக்கொள்கிறோம்னு இருந்தது. அதே வரி. பேனாவை எடுத்து அதை அடிச்சேன். அந்த இடத்துல, வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போகிறவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும், உள்ளே ஆள் இருக்கிறார்கள்னு எழுதினேன். டில்லிக்குப் போற லெட்டர்ல அடுப்பு எல்லாம் எழுதலாமா சார்னு சீனியர் இழுத்தாரு. இதை எடுத்துட்டா என் கையெழுத்தையும் எடுத்துடுங்கன்னேன். அந்தப் பொண்ணு சீனியரைப் பாக்கவே இல்ல. இங்கிலீஷ் காப்பியையும் எடுத்து என் முன்னால வெச்சு, இதுலயும் நீங்களே எழுதிடுங்க சார், ஒரு வார்த்தை கூடக் குறைக்காம எழுதுங்கன்னுச்சு. எழுதினேன்.